இரண்டு கையெழுத்தும் என்னுடையது

1. முதல் சம்மன்

வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள் வி.ஏ.ஓ. என் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். "சம்மன். கீழத் தெருவுல ராமசாமின்னு ஒருத்தர். குடுத்துட்டுக் கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க" என்றார். எனக்குக் கிடைத்த டிரெயினிங் அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் இந்த ஊர்த் தலையாரி. அவர் இறந்த பிறகு கருணை அடிப்படையில் அந்த வேலை எனக்கு வந்தது. ஆர்டரில் கிராம உதவியாளர் என்று இருக்கும். ஊரில் எல்லாருக்கும் நான் தலையாரியம்மா. படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பருத்திக் காட்டில் களை வெட்டப் போய்விடுவேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். 'அஞ்சலை' என்று என் பெயரை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாதபடி எழுதுவேன்.

தாசில்தாரோ ஆர்.டி.ஓ.வோ விசாரணை வைத்தால், "இன்ன தேதிக்கு வந்து உனக்குத் தெரிந்ததைச் சொல்" என்று ஒருவரை அழைக்கும் உத்தரவுதான் சம்மன். இஷ்டம் இருந்தால் வரலாம், இல்லாவிட்டால் இருக்கலாம் என்பதெல்லாம் இதில் கிடையாது. இரண்டு பிரதி இருக்கும். ஒன்று அவருக்கு. இன்னொன்றில் வாங்கியவர் ஒரு கையெழுத்து, கொடுத்தவர் ஒரு கையெழுத்துப் போட்டு ஆபீசுக்குத் திரும்ப வேண்டும். இதற்குச் சார்வு செய்வது என்று பெயர்.

ராமசாமி வீட்டு வாசலில் ஒருவன் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தான். "அண்ணன் திருச்சிக்குப் போயிருக்காரு. வர ரெண்டு நாளாவும்" என்றான். நானும் திரும்பிவிட்டேன்.

வி.ஏ.ஓ. கேட்டார்: "பல்லு வெளக்குனவனுக்கு நெத்தியில தழும்பு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க சார்."

"அவன்தாம்மா ராமசாமி."

அன்றைக்குப் பட்ட வெட்கத்தில் என் வழியை நானே கண்டுபிடித்தேன். போனதும் காகிதத்தைக் காட்ட மாட்டேன். தூரத்திலிருந்தே பெயரைச் சொல்லி, "ராமசாமியண்ணே, குடிக்கத் தண்ணி இருக்கா?" என்பேன். பெயருக்குத் திரும்பிப் பார்த்தால் ஆள் அவர்தான். தண்ணீர் கொடுத்த பிறகு வீட்டில் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. சில தெருக்களில் எனக்கு டம்ளர் தர மாட்டார்கள். சொம்பைத் தூக்கிக் கையில் ஊற்ற வருவார்கள். அங்கே நான் குடிக்க மாட்டேன். நீட்டிய கையில் காகிதம் இருக்கும். அதை என் கையிலிருந்து வாங்கித்தான் ஆக வேண்டும்.

வாங்க மறுத்தால் இரண்டு பேரைச் சாட்சி வைத்துக்கொண்டு கதவில் ஒட்டிவிடலாம். ஆபீஸ் கோந்து எப்போதும் காய்ந்து கிடக்கும். ஒரு பிடி சோற்றைக் குழைத்து எடுத்துப் போனால் போதும். என் சர்வீசில் கதவில் ஒட்டியது மூன்று முறைதான். அந்த ராமசாமிக்குப் பிறகு சார்வாகாமல் திரும்பிய சம்மன் ஒன்றுகூட இல்லை. இதை ஜம்பத்துக்காகச் சொல்லவில்லை. ஜம்பத்துக்காகவும்தான்.

2. போட்டோ இல்லாத கல்யாணம்

ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருந்தபோது வந்தது செந்தாமரையின் விசாரணை.

முத்துவேல் எங்கள் தெருப் பையன். எனக்குத் தம்பி முறை. லாரி ஓட்டினான். அவன் அண்ணன் தங்கராசு மக்காச்சோளம் அடிக்கிற மிஷின் வாங்கி மேலே வந்தவன். சுற்று வட்டாரத்தில் அப்போது அது ஒன்றுதான். சோளம் அறுத்துப் போட்ட பிறகு மழை வந்துவிடுமோ என்று ஊரே அவன் வாசலில் நிற்கும். தன் கொழுந்தியாளைத் தம்பிக்குக் கட்டி வைக்க நினைத்திருந்தான் தங்கராசு. தம்பி ஜெயங்கொண்டம் பக்கத்துப் பெண் செந்தாமரையைக் கட்டிக்கொண்டான்.

பங்குனியில் திருமழபாடியில் நந்தி கல்யாணம். அதற்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு ஒரு வேனில் போனோம். சாமி கல்யாணம் பார்த்த கையோடு, கொள்ளிடக் கரையில் ஒரு பிள்ளையார் முன்னால் முத்துவேல் தாலி கட்டினான். கோயிலில் கல்யாண ரசீது போட்டால் அண்ணன் காதுக்குப் போய்விடும் என்று பயந்து போடவில்லை. போட்டோ எடுத்ததெல்லாம் முத்துவேலின் போனில்தான்.

மூன்று வருஷம் அவர்கள் எங்கள் தெருவில் குடித்தனம் நடத்தினார்கள். குழந்தை இல்லை. ஒரு மார்கழிக் காலை, பனியில் நின்ற லாரி தெரியாமல் முத்துவேல் பைக்கில் போய் மோதினான். ஆளும் போனான், போனும் நொறுங்கியது.

காரியம் முடிந்ததும் செந்தாமரை வாரிசுச் சான்று கேட்டு மனுக் கொடுத்தாள். தங்கராசு ஆட்சேபம் எழுதினான்: அவள் தம்பிக்கு மனைவி இல்லை, சும்மா கூட இருந்தவள், அப்பா அம்மா இல்லாத தம்பிக்கு வாரிசு நான்தான். அவளிடம் காகிதம் எதுவுமில்லை. ஆதார் கார்டில் இன்னும் அப்பா பெயர். சான்று தங்கராசுக்குப் போனால் முத்துவேல் கட்டிய வீடு அவனுக்கு. இவள் அன்றே வெளியே போக வேண்டும். போகிறபோது கூட வருகிற பெயர்தான் வீட்டை விடப் பெரிய விஷயம். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

விஷயம் ஆர்.டி.ஓ. விசாரணைக்குப் போனது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் என்று செந்தாமரை மூன்று பேரை எழுதிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுச் செல்லம்மா, வெங்காயம் போடுகிற பெரியசாமி, வேன் ஓட்டிய காதர் பாய். என் பெயரை எழுதவில்லை. அவளிடம் கேட்டதற்கு, "ஒங்க வேலைக்கு எடஞ்சலு வந்துரும் அண்ணி" என்றாள்.

எனக்கு அது வசதியாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

3. மூன்று பேர்

செல்லம்மா சுலபம். தண்ணீர் கேட்டேன், கொடுத்தாள், காகிதத்தைப் பார்த்தாள். "பாவி, மோராவது கேட்டிருக்கக் கூடாதா நீ? தண்ணியக் கேட்கும்போதே நெனச்சேன்" என்று திட்டிக்கொண்டே கைநாட்டு வைத்தாள்.

காதர் பாய் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். "அஞ்சலம்மா, நான் ரெண்டு தரப்புக்கும் வண்டி ஓட்டுறவன். என்னை ஏன் இதுல இழுக்குறீங்க?" என்றார். ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பெரியசாமிதான் மூன்று நாள் அலைய வைத்தார். அவர் பெண்சாதி, "அவுக ரஞ்சன்குடிக்குப் போயிருக்காக" என்றாள். வீட்டுப் பின்னால் வெங்காயப் பட்டறை. வெங்காயத்தைக் காற்றோட்டமாகச் சேர்த்து வைக்கிற நீளமான படல் அது. அதன் அடியில் இரண்டு கால் தெரிந்தது.

"அக்கா, ரஞ்சன்குடிக்குப் போனவரு காலை மட்டும் வூட்டுலயே வச்சுட்டுப் போயிட்டாரா?" என்றேன்.

படலுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "ஆத்தா, என் சோளம் அறுப்புக்கு நிக்குது. தங்கராசு மிஷின் வரலைன்னா மொளச்சுப் போயிரும்."

"அதெல்லாம் ஆர்.டி.ஓ. மேடத்துக்கிட்டச் சொல்லிக்குங்க. இப்ப வாங்குறீங்களா, சோத்தைக் குழைக்கட்டுமா?"

கதவில் ஒட்டினால் ஊர் சிரிக்கும். வெளியே வந்து வாங்கிக்கொண்டார்.

மூன்றும் சார்வானது. விசாரணை நாளில் மூன்று பேரையும் நானே பஸ் ஏற்றிக் கூட்டிப் போனேன். கோழியைக் கூடையில் அடைத்துக்கொண்டு போகிற மாதிரி அத்தனை பெருமை எனக்கு.

4. ஞாபகம் இல்லைங்க

ஆர்.டி.ஓ. மேடம் சின்ன வயசு. கத்திப் பேச மாட்டார். ஒரு பக்கம் தங்கராசு வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். இன்னொரு பக்கம் செந்தாமரை. நான் ஃபைலைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

"செல்லம்மா, இவங்களுக்குக் கல்யாணம் நடந்ததைப் பாத்தீங்களா?"

செல்லம்மா தங்கராசைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். "கோயிலுக்குப் போனேங்க. கூட்டமுங்க. சரியா ஞாபகம் இல்லைங்க."

காதர் பாய், "வருஷத்துக்கு எத்தனையோ டிரிப்பு மேடம். யாரு எதுக்கு வந்தாங்கன்னு ஞாபகம் இல்ல" என்றார்.

பெரியசாமி உட்காரவே இல்லை. "நான் அந்த ஊருக்கே போனதில்லைங்க."

செந்தாமரை அழவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தக் கட்டடத்துக்குள் வந்ததிலிருந்து அவள் என்னை அண்ணி என்று கூப்பிடவில்லை. அப்போதும் கூப்பிடவில்லை. பார்த்தது மட்டும்தான்.

மேடம் பதினைந்து நாள் கழித்து ஒரு தேதி கொடுத்தார். வேறு சாட்சி இருந்தால் அன்றைக்குக் கொண்டு வரலாம், இல்லையென்றால் இருக்கிறதை வைத்து முடிவு செய்வேன் என்றார்.

திரும்புகிற பஸ்ஸில் நான் செல்லம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "ஒனக்கு மனசாட்சி இருக்காடி? பந்தியில நாலு கேசரி வாங்கித் தின்ன. அது ஞாபகம் இல்லையா?"

செல்லம்மா ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள். "கேசரி தின்னவளக் கேக்குற. தாலியில முடிச்சுப் போட்டவளை யாரு கேக்குறது?"

பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"முத்துவேலு போட்டது ஒரு முடிச்சு. கூடப்பொறந்தவ எவளும் இல்லன்னு நாத்தனாரு மொறைக்கு மிச்சம் ரெண்டு முடிச்சப் போட்டது யாரு? நீ. நீ அங்க ஃபைலத் தூக்கிக்கிட்டுத் தூண் மாதிரி நிக்குற. எங்களுக்கு மட்டும் பேப்பர் குடுப்ப. ஒனக்கு எவ குடுப்பா?"

பெரியசாமி முன்சீட்டிலிருந்து, "அப்புடிக் கேளு" என்றார்.

 

5. நாலாவது சம்மன்

மறுநாள் காலை வி.ஏ.ஓ.விடம் போனேன். அவர் புதுசு. என் மகன் வயசு. "சார், எனக்கு ஒரு சம்மன் போடச் சொல்லணும்" என்றேன்.

"ஒங்களுக்கா? அஞ்சலையம்மா, சார்வு பண்றவங்களே சாட்சியாப் போனா நல்லா இருக்காதும்மா."

"போகக் கூடாதுன்னு எழுதியிருக்கா சார்?"

"எழுதல. இருந்தாலும் ரெண்டு வருஷத்துல ரிட்டயர்மென்ட். எதுக்கு வம்பு?"

"சம்மன் இல்லாமப் போய்ச் சொன்னா, சொந்தக்காரின்னு வந்து பேசுறான்னு தங்கராசு சொல்லுவான். சம்மன் வந்தா, மேடம் கூப்புட்டாங்க, சொல்லாம இருக்க முடியாதுன்னு நான் சொல்லுவேன்."

 "நீங்க அஞ்சாவது படிச்சவங்கன்னு யாரும்மா சொன்னது?" என்றார். செந்தாமரையைக் கூட்டி வரச் சொல்லி, என் பெயரைச் சேர்த்து அவரே மனு எழுதிக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் தபாலில் சம்மன் வந்தது. மேலே என் பெயர். அதை யார் சார்வு செய்வது என்று வி.ஏ.ஓ. யோசித்தார். "இந்த ஊருக்குச் சம்மன் குடுக்குறது நான்தானே சார்" என்று வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பால் சொசைட்டிக்குப் போனேன். ஊரில் பாதிப் பேர் கேனோடு அங்கே இருப்பார்கள். செல்லம்மா இருந்தாள். பெரியசாமி இருந்தார். தங்கராசும் இருந்தான்.

பால் அளக்கிற மேஜையில் காகிதத்தை விரித்தேன். எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன். அங்கங்கே தடுக்கியது. யாரும் சிரிக்கவில்லை. கீழே 'சார்வு செய்தவர்' என்ற இடத்தில் அஞ்சலை என்று எழுதினேன். 'பெற்றுக்கொண்டவர்' என்ற இடத்திலும் அஞ்சலை என்று எழுதினேன்.

தங்கராசு பக்கத்தில் வந்தான். "அக்கா, என்ன கூத்து இது?"

"கூத்து இல்லடா தம்பி. எனக்குச் சம்மன் வந்திருக்கு. வாங்கிக்கிட்டேன்."

"ஒன் காட்டுலயும் சோளம் நிக்குது. அதை மறந்துறாத."

"மறக்கல. கை இருக்கு. ஒரலு இருக்கு. ஒலக்கை இருக்கு."

அவன் கேனைத் தூக்கிக்கொண்டு போனான். செல்லம்மா மேஜைக்கு வந்து அந்த இரண்டு கையெழுத்தையும் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

6. முடிச்சு

விசாரணை அன்று பழைய மூன்று பேரையும் மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவை நான் யாரையும் பஸ் ஏற்றிக் கூட்டிப் போகவில்லை. அவர்களாகவே வந்திருந்தார்கள்.

மேடம் என் சம்மனை ஃபைலில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ரெண்டு கையெழுத்தும் ஒங்களோடதா?"

"ஆமாங்க மேடம். குடுத்ததும் நான்தான். வாங்குனதும் நான்தான்."

"போன தடவை இங்கதானே நின்னீங்க? அப்ப ஏன் சொல்லல?"

"எனக்குப் பேப்பர் வரலியேன்னு நெனச்சு நின்னுக்கிட்டேன் மேடம். அது தப்பு."

அதைச் சொன்ன பிறகு மற்றது எல்லாம் தானாக வந்தது. "மஞ்சக்கயிறு புதுசுங்க, வழுக்குச்சு. மொத முடிச்சு தம்பி போட்டான். மத்த ரெண்டும் நான் போட்டேன். அவுந்துறக் கூடாதேன்னு இறுக்கி இழுத்ததுல கழுத்துல ரெண்டு முடி முடிச்சுக்குள்ள மாட்டிக்கிச்சு. 'வலிக்குது அண்ணி'ன்னா. அவ என்னை மொதத் தடவையா அண்ணின்னு கூப்புட்டது அப்பத்தான். இது எனக்கு எப்புடிங்க மறக்கும்?"

தங்கராசு எழுந்தான். "என் மேல இருக்குற கோவத்துல சொல்லுது மேடம்."

"என்ன கோவம்?" என்று மேடம் என்னைக் கேட்டார்.

"ஒரு கோவமும் இல்லைங்க. அஞ்சு வருஷமா என் காட்டுச் சோளத்தை இவன்தான் அடிச்சுக் குடுத்தான். நல்லாத்தான் அடிப்பான்."

செல்லம்மா கூப்பிடாமலே முன்னால் வந்தாள். "எனக்கு ஞாபகம் வந்துருச்சுங்க" என்றாள். "நான்தான் அட்சதைத் தட்டு வச்சிருந்தேன்."

காதர் பாய் தயங்கினார். "மேடம், போன தடவ சொன்னதை மாத்திச் சொல்லலாமா?"

"உண்மையா இருந்தாச் சொல்லலாம்."

"அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றேன். என் வண்டிதான். பொண்ணும் மாப்புள்ளயும் மாலையோட திரும்பி வந்தாங்க. வர வழியில இந்தப் பெரியசாமி வண்டிக்குள்ள வாந்தி எடுத்துட்டாரு. கழுவுனவன் நான். அது எப்படி மறக்கும்?"

பெரியசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாரு, நானா? வாந்தி எடுத்தது இந்தச் செல்லம்மா! நான் முன்சீட்டுல உக்காந்திருந்தேன்!"

 மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "முன்சீட்டுல உக்காந்து எங்க போயிட்டு வந்தீங்க பெரியசாமி?"

பெரியசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தங்கராசு பக்கம் திரும்பவே இல்லை. "கல்யாணத்துக்குங்க" என்றார்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. அதற்குள் அறுவடையும் வந்தது. தங்கராசின் மிஷின் என் காட்டுப் பக்கம் வரவில்லை. செல்லம்மா வீட்டுக்கும் பெரியசாமி வீட்டுக்கும் போகவில்லை. மூன்று வீட்டுச் சோளத்தையும் கோணிமேல் கொட்டிக் கட்டையால் அடித்தோம். கையெல்லாம் கொப்புளம். செந்தாமரை தினமும் வந்து அடித்தாள். அடுத்த வருஷம் பக்கத்து ஊரில் இன்னொருவர் மிஷின் வாங்கிவிட்டார். அதோடு அந்தப் பயம் போனது.

இப்போது இந்த வேலைக்கு டிகிரி முடித்த பிள்ளைகள் வருகிறீர்கள். ஃபாரம் எழுதுவது, சட்டம் எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். சம்மன் ஆளை ஆபீஸ் வரைக்கும் கூட்டி வரும். அங்கே வாயைத் திறக்க வைக்க அதற்குச் சக்தி இல்லை. பயந்தவர்கள் வேறு யாராவது முதலில் சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள். விசாரணை உங்களுக்கும் தெரிந்த விஷயமாக இருந்தால், ஃபைலுக்குப் பின்னால் நிற்காதீர்கள். உங்கள் பெயருக்கும் ஒரு பேப்பர் கேட்டு வாங்குங்கள்.

அந்த உத்தரவையும் நான்தான் கொண்டு போய்க் கொடுத்தேன். மனுவிலும் சம்மனிலும் அதுவரை செந்தாமரை பெயருக்குப் பக்கத்தில் அவள் அப்பா பெயர்தான் இருந்தது. இதில் 'க/பெ முத்துவேல்' என்று அச்சில் இருந்தது. வழியில் நின்று இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன். வாசலுக்குப் போனதும் பழக்க தோஷத்தில், "செந்தாமரை, குடிக்கத் தண்ணி இருக்கா?" என்று குரல் கொடுத்தேன்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

"யாரு வூட்டுல வந்து தண்ணி கேக்குறீங்க அண்ணி? உள்ள வந்து மொண்டு குடிங்க."